கேள்வி–பதில்: பண்டிகைகள் நீக்கப்பட்ட நாட்டில் விடுமுறை

கேள்வி: ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது ஒரு காலத்தில் குற்றமாகக் கருதப்பட்டதாமே, உண்மையா? அப்படியானால் அந்த மக்களுக்கு விடுமுறையே இல்லையா?

பதில்: உண்மைதான். 1560-இல் கத்தோலிக்க மரபை விலக்கிய புராட்டஸ்டன்ட் சமயச் சீர்திருத்தம் வெற்றி பெற்றதும், அதன் தலைவர் ஜான் நாக்ஸும் அவருடைய தோழர்களும் திருச்சபைக்காக வகுத்த ஒழுங்குமுறை நூல், வேதாகமத்தில் ஆதாரம் இல்லை என்று கூறி, கிறிஸ்துமஸ் உட்படத் திருநாள்கள் அனைத்தையும் தள்ளிவிட்டது. வாராவாரம் வரும் ஞாயிற்றுக்கிழமையே போதும் என்பது அவர்கள் கருத்து.

மக்கள் அவ்வளவு எளிதில் விட்டுவிடவில்லை. ‘யூல்’ என்று அவர்கள் அழைத்த கிறிஸ்துமஸ் நாளில் ஆடிப்பாடியதற்காக 1570-களில் அபர்டீனில் 14 பெண்கள் மீது புகார் எழுந்தது. 1583-இல் கிளாஸ்கோ திருச்சபையின் மூப்பர்கள், யூல் ரொட்டியை யார் யாருக்குச் சுட்டுக் கொடுத்தீர்கள் என்று ரொட்டிக்காரர்களை விசாரிக்கச் சொன்னார்கள். யார் வீட்டில் பண்டிகை நடந்தது என்பதை ரொட்டிக்காரரைவிட நன்றாக வேறு யார் அறிவார் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும், துப்பறிவதில் கெட்டிக்காரர்கள்தான்! மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1618-இல் பெர்த் நகரில் கூடிய திருச்சபைப் பேரவையின் மூலம் கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் மீட்டுக் கொண்டுவந்தார். 1638-இல் கிளாஸ்கோவில் கூடிய பேரவை அதை நிராகரித்தது. 1640-இல் நீதிமன்றங்களின் யூல் விடுமுறையும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் அங்கே பொது விடுமுறையானது 1958-இல்தான்.

கேள்வி: விளையாட்டுக்கும் கேளிக்கைக்கும் இதே கெடுபிடிதானா?

பதில்: அந்தக் கெடுபிடி சீர்திருத்தத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. மே மாதத்தில், நாட்டுப்புறக் கதைகளின் கொள்ளைக்கார நாயகன் ராபின் ஹூட் போல வேடமிட்டு ஊர்வலம் வருவதை 1555-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1561-இல் எடின்பரோவின் கைவினைஞர்கள் அதை மீறியபோது, செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கூட்டம் திரண்டு தூக்குமரத்தை உடைத்தெறிந்து, சிறைக்கதவைத் தகர்த்து அவரை மீட்டுச் சென்றது. வேடிக்கையை விடுவதைவிடக் கலகமே மேல் என்று அவர்கள் நினைத்ததில் எனக்கு வியப்பில்லை. உழைத்துக் களைத்தவர்களுக்கு ஆண்டில் வேறு எத்தனை நாள் இருந்துவிடப்போகிறது?

உண்மையான சிக்கல் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தது. வேலை இல்லாத அந்த ஒரு நாளிலும் பிரசங்கம் கேட்க வேண்டும், விளையாடக் கூடாது என்றால், விளையாடுவது எப்போது? பெர்த் நகரின் நார்த் இஞ்ச் புல்வெளியில் பிரசங்க நேரத்தில் கோல்ஃப் ஆடியவர்கள் 1604-இல் மூப்பர்களிடம் சிக்கினார்கள். ஓய்வு நாளின் புனிதம் கெடுவதைத் தடுப்பதற்காகவே 1598-இல், திங்கட்கிழமையைப் பொழுதுபோக்குக்கு ஒதுக்கி, வேலைக்காரர்களுக்கும் மாணவர்களுக்கும் ஓய்வு தர வேண்டும் என்று ஆணை பிறந்தது. தடையை மட்டும் விதித்துக்கொண்டிராமல் மாற்று வழியும் காட்டிய இந்த ஆணை, அக்காலத்துச் சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தமானது.

கேள்வி: புத்தாண்டு எப்படித் தப்பியது?

பதில்: அதற்குச் சமயச் சாயல் குறைவு என்பதே முக்கியக் காரணம். மார்ச் 25-இல் தொடங்கிய ஆண்டு, 1600 முதல் ஜனவரி 1-இல் தொடங்கும் என அரசே மாற்றியது. யூலின் விருந்தும் பரிசும் மெல்ல மெல்ல அந்த நாளுக்கும், ‘ஹோக்மனே’ எனப்படும் அதன் முந்தைய இரவுக்கும் இடம் பெயர்ந்தன. ஆண்டின் முதல் திங்கட்கிழமையன்று வேலைக்காரர்களுக்கு அன்பளிப்பு வழங்கும் வழக்கமும் பின்னாளில் பரவியது.