ஒரு வேன், இரண்டு சந்தா

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் பூக்கடை வைத்திருக்கிறேன். கடன் அட்டையில் முன்பு மாதம் 19.62 வெள்ளி கழியும். கணவர் கணக்கு என்று விட்டுவிட்டேன். மூன்று மாதமாக 39.24. போன வருடம் பழைய வேனைக் கொடுத்துப் புதிது வாங்கினோம். இது சாலைக் கட்டணம் கழிக்க அரசாங்கம் பொருத்திய ஓபியூ கருவிக்கா? அட்டையை ரத்து செய்துவிடவா?

பதில்: ஓபியூவுக்கு மாதச் சந்தா கிடையாதும்மா. 39.24-ஐ 1.09-ஆல் வகுத்துப் பாருங்கள்: சரியாக 36. அதாவது 18 வெள்ளி இரண்டு, மேலே 9 விழுக்காடு ஜிஎஸ்டி. ஒரே வேனுக்கு இரண்டு சந்தா! வேன் எங்கே என்று கைப்பேசியில் காட்டும் ஜிபிஎஸ் கண்காணிப்புக் கருவிக்கான சந்தா இது; பழைய வேனுடையதை யாரும் ரத்து செய்திருக்க மாட்டார்கள். புதிய வேனுக்கு இலவசக் காலம் முடிந்து கட்டணம் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம். (என் மச்சான் விற்ற லாரி எட்டு மாதம் அவர் கைப்பேசியில் துவாஸ் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.)

ஜிபிஎஸ் சிக்னல் இலவசம்தான். வேன் இருக்கும் இடத்தைக் கைப்பேசிக்கு அனுப்பக் கருவிக்குள் ஒரு சிம் இருக்கிறது; சந்தாவில் அந்த டேட்டாவும் அடக்கம்.

அட்டையை ரத்து செய்தால் ஒப்பந்தம் முடியாது, பாக்கி ஏறும். பழைய வேனின் எண், பெயர் மாற்றிய தேதி இரண்டையும் போட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், அன்றிலிருந்து கழித்ததைத் திருப்பிக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம் உண்டா என்று முதலில் பாருங்கள். மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது.