பி.எஸ்./எம்.டி.: மதிப்பெண்ணுக்கு முன்னால் விசாவைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி, எடிசனில் வசிக்கிறோம். மூன்று வயதில் எங்களுடன் இங்கே வந்த மகளுக்கு இப்போது 16 வயது, பதினோராம் வகுப்பு. பள்ளியில் நல்ல ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்); கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்.ஏ.டி.யில் 1520. பட்டப்படிப்பும் மருத்துவமும் சேர்ந்த பி.எஸ்./எம்.டி. திட்டத்தில் நேரடியாகச் சேர ஆசைப்படுகிறாள். ஓர் ஆலோசகர் 12,000 டாலர் கேட்கிறார். ஓர் இடமாவது உறுதி, மாத இறுதிக்குள் கையெழுத்திடுங்கள் என்கிறார். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கும் மகளுக்கும் அவரைச் சார்ந்த எச்-4 விசா. கிரீன் கார்டுக்காகக் கணவரின் நிறுவனம் போட்ட ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் வந்துவிட்டதால் விசா ஒரு பிரச்சினையே இல்லை என்கிறார் ஆலோசகர். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. ஒரே பேச்சில் உங்களிடம் இரண்டு பொய்களைச் சொன்னவருக்கு மூன்றாவது வாய்ப்பு தர வேண்டிய அவசியம் இல்லை.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வழக்கமான வழியில், நான்காண்டு கல்லூரி முடித்து, மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதி விண்ணப்பிப்பவர்கள் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். இடம் பெற்றுச் சேர்பவர்கள் 23 ஆயிரம் பேர்தான். பாதிக்கு மேற்பட்டோர் வெறும் கையுடன் திரும்புகிறார்கள். பதினேழு வயதிலேயே இந்தக் கவலை தீர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னால் எந்தப் பெற்றோருக்கும் மனம் சாயும். ஆலோசகர்கள் விற்பது அந்த நிம்மதியைத்தான்.

முதலில் விசா. எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை விட உங்களுக்கு இதுதான் முக்கியம். இதைத்தான் அவர் ஒரு வரியில் தள்ளிவிட்டார்.

ஐ-140 ஒப்புதல் என்றால் வரிசையில் உங்களுக்கு ஓர் இடம் பதிவாகியிருக்கிறது என்று பொருள். கிரீன் கார்டு கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலை அடிப்படையில் கிரீன் கார்டு தரும் இ.பி.-2, இ.பி.-3 வரிசைகள் பத்தாண்டுக்கும் மேல் பின்தங்கிக் கிடக்கின்றன. மகளுக்கு 21 வயது ஆனதும் எச்-4 முடிந்துவிடும். கல்லூரியின் மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ அவள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். சரியாக மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் நேரத்தில், மூன்று வயதிலிருந்து இந்த மண்ணில் வளர்ந்த பெண் வெளிநாட்டு மாணவியாகிவிடுவாள். இந்தக் கொடுமையை இத்தனை ஆண்டுகளாக ஒரு நாடாளுமன்றமும் தீர்க்கவில்லை.

பிள்ளைகளின் வயதைக் காக்க ஒரு சட்டம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. கிரீன் கார்டுக்கான எண் கைக்கு எட்டும் நாளில் மகளுக்கு என்ன வயதோ, அதிலிருந்து ஐ-140 மனு பரிசீலனையில் கிடந்த நாட்களைக் கழிப்பார்கள். மிச்சம் 21-க்குக் கீழே இருந்தால் தப்பினாள். மனு ஒன்றரை ஆண்டு பரிசீலனையில் கிடந்திருந்தால் ஒன்றரை ஆண்டு கழியும். உங்கள் கணவரின் நிறுவனம் விரைவுக் கட்டணம் செலுத்தி மூன்று வாரத்தில் ஒப்புதல் வாங்கியிருந்தால் அந்த மூன்று வாரம் மட்டுமே கழியும். அன்று எல்லோரும் மகிழ்ந்த வேகம் இன்று மகளுக்கு உதவாது. இன்னொன்றும் மாறிவிட்டது. வரிசையில் யாருடைய முறை வந்திருக்கிறது என்று அரசு மாதந்தோறும் அறிவிக்கும் விசா புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் உண்டு. முன்னதாகவே நகரும் ‘தாக்கல் தேதி’ அட்டவணையை வைத்து வயதைக் கணக்கிடும் சலுகை சிறிது காலம் இருந்தது. 2025 ஆகஸ்ட் 15 முதல் தாக்கலாகும் மனுக்களுக்கு அது இல்லை. மெதுவாக நகரும் ‘இறுதி நடவடிக்கைத் தேதி’ அட்டவணைதான் கணக்கு. ஆகவே வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி, ஐ-140 தாக்கல் செய்த நாள், ஒப்புதல் வந்த நாள், மகளின் பிறந்த நாள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். இப்போதைக்குப் பணம் கொடுக்கத் தகுந்த ஆலோசனை அது ஒன்றுதான்.

அந்தத் தாளில் வரும் விடைதான் உங்கள் பட்டியலைத் தீர்மானிக்கும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்ப்பவற்றில் சில, ஓராண்டு முதல் நான்காண்டு வரையிலான கட்டணத்தை முன்கூட்டியே ஒரு காப்புக் கணக்கில் வைக்கச் சொல்கின்றன. தனியார் கல்லூரி என்றால் நான்காண்டு மொத்தச் செலவு 4 லட்சம் டாலரை நெருங்கும். மத்திய அரசின் கல்விக் கடன் எச்-4, எஃப்-1 மாணவர்களுக்குக் கிடையாது. குடிமக்களுக்கே 2026 ஜூலை முதல் புதிய கடனுக்கு உச்சவரம்பு வந்திருக்கிறது: மருத்துவப் படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம். மிச்சத்துக்குத் தனியார் வங்கி. அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் பெரும்பாலும் உடன் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

உங்கள் ஊருக்கு அருகிலேயே டி.சி.என்.ஜே., என்.ஜே.ஐ.டி. போன்ற கல்லூரிகள் ரட்கர்ஸின் நியூ ஜெர்சி மெடிக்கல் ஸ்கூலுடன் இணைந்து இத்தகைய திட்டங்களை நடத்திவந்திருக்கின்றன. எடிசன் பெற்றோர் எல்லோரும் முதலில் கேட்பது இவற்றைத்தான். இவற்றிடமும், பட்டியலில் உள்ள மற்ற ஒவ்வொன்றிடமும், மகளே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும்: “நான் எச்-4 விசாவில் இருக்கிறேன். எனக்கு இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி உண்டா? மருத்துவக் கல்லூரிக்குள் செல்லும் ஆண்டில் நான் எஃப்-1 விசாவில் இருந்தால் என் இடம் நிலைக்குமா?” இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். முதல் கேள்விக்கு ஆம் என்ற பதில் வந்தவுடன் கொண்டாடி, இரண்டாவதை மூன்றாண்டு கழித்துக் கேட்டு இடிந்துபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தொலைபேசியில் வரும் பதில் போதாது, எழுத்தில் வேண்டும். இணையதளத்தின் எட்டாவது பக்கத்து அடிக்குறிப்பில் இதை ஒளித்துவைக்கும் கல்லூரிகள்மேல் எனக்குக் கோபம் உண்டு. விண்ணப்பக் கட்டணம் வாங்கும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டால் என்ன?

இப்போது அந்த ‘உறுதி’. சேர்க்கைக் குழுவில் உட்காராத எவராலும் இடத்தை உறுதி செய்ய முடியாது. உட்கார்ந்திருப்பவர் அதற்குப் பணம் வாங்கினால் அது குற்றம். அமெரிக்காவின் தனிக் கல்வி ஆலோசகர்கள் சங்கத்தின் நெறிமுறைகளே சேர்க்கைக்கு உத்தரவாதம் தரக் கூடாது என்கின்றன. ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். வாயால் சொன்ன உறுதி அதில் இருக்காது. ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்பது மட்டும் இருக்கும்.

வெற்றிப் பட்டியலைக் காட்டுவார். ஒரே மாணவிக்கு நான்கு இடம் கிடைத்திருந்தால் அது நான்கு வெற்றியாகப் பட்டியலில் ஏறும். ஒரு மணி நேரம் கட்டுரை திருத்திக் கொடுத்த பிள்ளையும் அவர் மாணவர் ஆகிவிடுவார். எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் வரும்வரை காசோலைப் புத்தகத்தைத் திறக்காதீர்கள்.

அடுத்து ஆராய்ச்சிக் கட்டுரை வரும். இரண்டாயிரம் மூவாயிரம் டாலர் கொடுத்தால் மகளின் பெயர் ஒரு சஞ்சிகையில் வெளிவரும் என்பார்கள். நேர்காணலில் ஒரு மருத்துவர் அந்தக் கட்டுரையின் முறையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால் போதும், பிள்ளை திணறும். அதன் பிறகு அவள் உண்மையாகச் செய்த வேலையையும் யாரும் நம்பமாட்டார்கள். கோடை விடுமுறையில் சென்னையில் தெரிந்த மருத்துவமனையில் இரண்டு வாரம் நின்றுவிட்டு நூறு மணி நேரச் சான்றிதழ் வாங்கிவருவதும் இதே வகைதான். இதை நம்மவர்களே நம்மவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அதற்குப் பதிலாக, உள்ளூர் முதலுதவிப் படையில் மகள் சேரலாமா என்று விசாரியுங்கள். நியூ ஜெர்சியில் 16 வயதிலேயே இ.எம்.டி. எனும் அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சியில் சேர முடியும். முதியோர் இல்லத்தில் வாரம் ஒரு மாலை உதவுவதும் நல்லதுதான். நோயாளியின் அருகில் நிற்பது பிடிக்கிறதா இல்லையா என்பது அவளுக்கே அங்கே தெரிந்துவிடும். ‘ஏன் மருத்துவம், ஏன் இப்போதே?’ என்ற நேர்காணல் கேள்விக்கு அவள் சொந்தமாகப் பதில் சொல்ல வேறு வழி இல்லை.

பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டாண்டுத் திட்டமான பி.எல்.எம்.இ. வெளிநாட்டு மாணவர்களையும் பரிசீலிக்கிறது, எம்கேட்டும் கேட்பதில்லை. ஆகவே உங்கள் பட்டியலில் அது நிச்சயம் வரும். அங்கே ஒரு பொறி. நவம்பர் 1 கெடுவுள்ள ‘முன்முடிவு’ முறையில் விண்ணப்பித்து, பிரவுனில் இடம் கிடைத்து, பி.எல்.எம்.இ.யில் கிடைக்காமல் போனாலும், மகள் பிரவுனில்தான் சேர வேண்டும். மற்ற பி.எஸ்./எம்.டி. விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். மருத்துவ இடம்தான் குறிக்கோள் என்றால் ஜனவரி கெடுவில் வழக்கமான முறையிலேயே விண்ணப்பிக்கட்டும்.

கிடைத்த இடமும் நிபந்தனையுள்ள இடம்தான். கல்லூரியில் குறிப்பிட்ட ஜி.பி.ஏ.வைக் காக்க வேண்டும். பல திட்டங்களில் எம்கேட்டில் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் வேண்டும். சிலவற்றில் வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலே ஒதுக்கிய இடம் போய்விடும். திட்டங்களே மறைவதும் உண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற எச்.பி.எம்.இ. திட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது, இன்றும் சில ஆலோசகர்களின் கையேட்டில் அது இருக்கிறது. உங்களுக்குக் கொடுத்த கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கறிஞரின் கணக்கில் மகள் 21-ஐத் தாண்டிவிடுவாள் என்று தெரிந்தால், எஃப்-1 மாணவர்களை எழுத்துப்பூர்வமாக ஏற்கும் திட்டங்களை மட்டும் பட்டியலில் வையுங்கள். அவை சிலவாகத்தான் இருக்கும். கூடவே, கடன் இல்லாமல் நான்காண்டு படிக்கக்கூடிய ஒரு நல்ல கல்லூரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அங்கிருந்து வழக்கமான வழியில் விண்ணப்பிக்கும்போது விசா நிலைமையும் தெளிவாகியிருக்கும். மின்னஞ்சல்களை இந்த வாரமே அனுப்புங்கள். பல கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்கும் பொதுப் படிவம் (காமன் ஆப்) ஆகஸ்ட் 1 அன்றுதான் திறக்கும். மாத இறுதி என்ற கெடு அந்த ஆலோசகருக்கு மட்டுமே உரியது.