அட்டையில் உள்ள சின்ன எழுத்து

கேள்வி: எனக்கு 43 வயது. கல்லூரி நாட்களில் பிடித்துப்போன நிர்வானா, ரேடியோஹெட், பிங்க் ஃப்ளாய்ட் ஆல்பங்களையே இன்னும் சுற்றிச் சுற்றிக் கேட்கிறேன். செயலி சிபாரிசு செய்கிற புது பேண்ட் எதுவும் மனதில் ஒட்டவில்லை. எனக்கு வயதாகிவிட்டதா?

பதில்: வயதைக் குற்றம் சொல்லாதீர்கள். ஐந்நூறு தடவை கேட்ட ஆல்பத்தோடு அரை நிமிடம் கேட்ட பாட்டைப் போட்டிக்கு விட்டால் எது ஜெயிக்கும்?

1994இல் வந்த நிர்வானாவின் 'அன்பிளக்டு' என்ற மேடைக் கச்சேரி ஆல்பத்தில் உள்ள பாட்டெல்லாம் அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் எழுதியவை என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் சும்மா அட்டையில் உள்ள சின்ன எழுத்தைப் படித்தால், 14 பாட்டில் 6 மற்றவர்களுடையவை! அதில் மூன்று மீட் பப்பட்ஸ் என்ற குழுவின் பாட்டுகள். அந்தக் குழுவின் அண்ணன் தம்பி இருவரும் அதே மேடையில் கூடவே உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். மூன்றும் அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தில் (1984) இருப்பவை. தேடிப் பிடித்துக் கேட்டேன். பாடுகிறவர் சுருதியைத் தொட்டும் தொடாமலும் போகிறார். எரிச்சலாக இருந்தது. ஆனாலும் வேலை செய்துகொண்டே மூன்று நான்கு முறை ஓடவிட்டேன். அப்புறம் ஒரு காலை, பல் தேய்க்கும்போது அந்த கிட்டார் மெட்டு தானாக வாயில் வந்தது. வீட்டில் இன்னும் யாருக்கும் பிடிக்கவில்லை, அது வேறு கதை.

செயலியை விடுங்கள், உங்கள் ஆல்பங்களையே வழி கேளுங்கள். நிர்வானாவின் 'இன் யூட்டெரோ'வை (1993) ஒலிப்பதிவு செய்த ஸ்டீவ் அல்பினிதான் பிக்ஸீஸ் குழுவின் 'சர்ஃபர் ரோசா'வையும் (1988) பாடகி பி.ஜே. ஹார்வியின் 'ரிட் ஆஃப் மீ'யையும் (1993) பதிவு செய்தவர். ரேடியோஹெட் என்ற பெயரே டாக்கிங் ஹெட்ஸ் என்ற குழுவின் ஒரு பாட்டுத் தலைப்பு. டாக்கிங் ஹெட்ஸின் 'ரிமெயின் இன் லைட்' (1980) கேளுங்கள். பிங்க் ஃப்ளாய்ட் தன் பெயரை இரண்டு பழைய ப்ளூஸ் கலைஞர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பக்கம் போனால் நீங்கள் தேடும் சத்தம் கிடைக்காது, இப்போதைக்கு வேண்டாம்.

இதெல்லாம் பழசுதானே என்பீர்கள். சரி, நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

வாரத்துக்கு ஒரே ஆல்பம், முதல் பாட்டிலிருந்து வரிசையாக. 'சர்ஃபர் ரோசா'வில் ஆரம்பியுங்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள். அந்த டிரம்ஸ் மெதுவாகக் கேட்பதற்கில்லை.