பீலித் தண்ணீரும் விக்தெர்லேயின் லென்ஸும்

கேள்வி: சொஃப்ட் கொன்டாக்ட் லென்ஸை ஒரு செக் இரசாயனவியலாளர் விளையாட்டுச் சாமானில் செய்தார் என்கிறார்களே, உண்மையா?
- உயர்தர மாணவி, ஹட்டன்

உண்மைதான். அவர் ஓட்டோ விக்தெர்லே (1913–1998), சேதன இரசாயனம் படித்தவர். 1939இல் நாசிகள் பல்கலைக்கழகங்களை மூடியதும் பாட்டா கம்பனியின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். நாம் காலில் போடும் அதே பாட்டா. அங்கே 1941இல் அவர் செய்த செயற்கை நூலின் பெயர் சிலோன். நம் தீவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, அது நைலோன் வகை. மறு ஆண்டு நாசிகளின் இரகசியப் பொலிஸான கெஸ்டபோ அவரைச் சிறையில் போட்டது.

1950களில் திராஹோஸ்லாவ் லீமுடன் சேர்ந்து ஒரு ஜெல்லை உருவாக்கினார். அதன் மூலப்பொருள் ஹைட்ரொக்சிஎத்தில் மெதாக்ரிலேட். அதிலுள்ள ஐதரொட்சில் கூட்டங்கள் ஐதரசன் பிணைப்பால் நீரைப் பிடித்துக்கொள்ளும். குறுக்கே கட்டிப்போடும் இன்னொரு சேர்வை சிறிதளவு இருப்பதால் ஜெல் கரையாது, ஊறும். ஊறிய லென்ஸின் எடையில் சுமார் 38 சதவீதம் நீர்.

சிக்கல் வார்ப்பில்தான். மூடிய அச்சிலிருந்து எடுக்கும்போது ஓரம் கிழிந்தது. சுகாதார அமைச்சு ஆதரவை நிறுத்தியபின், 1961 நத்தார் நாட்களில் வீட்டுச் சமையலறை மேசையிலேயே வழி கண்டார். மெர்க்கூர் என்ற உலோகத்துண்டு விளையாட்டுப் பெட்டி, சைக்கிள் டைனமோ, அழைப்புமணி டிரான்ஸ்ஃபோமர். இவற்றால் திறந்த அச்சைச் சுழற்றி, திரவம் சுழலும்போதே இறுக விட்டார். முன்பக்க வளைவு அச்சிலிருந்து வரும். பின்பக்க வளைவைச் சுழற்சி வேகம் தீர்மானிக்கும். வேகத்தை மாற்றினால் பவர் மாறும். இந்த எளிமைதான் அவருடைய மேதைமை. முதலில் கிடைத்தவை நான்கு லென்ஸ்கள். 1971இல் அமெரிக்கா விற்பனைக்கு அனுமதித்தது.

செக்கோஸ்லோவாக்கியாவில் ஆட்சிச் சீர்திருத்தம் கேட்ட 1968 அறிக்கையில் கையெழுத்திட்டதால், அவர் வகித்த ஆய்வு நிறுவன இயக்குநர் பதவி பறிபோனது. கம்யூனிச ஆட்சி மாறிய பின், 1990இல் நாட்டின் விஞ்ஞானக் கழகத்துக்கே தலைவரானார்.

கேள்வி: மகள் லென்ஸைப் பீலித் தண்ணீரில் கழுவுகிறாள். கொதிக்கவைத்து ஆறவிட்டால் பரவாயில்லையா?
- தந்தை, மஸ்கெலியா

வேண்டாம், ஐயா. மேலே சொன்ன ஜெல் நீரோடு சேர்ந்து மற்றதையும் இழுக்கும். பீலி, குழாய், கிணறு எதிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். அது கருவிழியைத் தின்று பார்வையையே பறிக்கக்கூடும். கொதித்தாறிய நீரில் கண்ணீரின் அளவு உப்பு இல்லை, லென்ஸ் உப்பிக் கண்ணில் ஒட்டும். வீட்டில் உப்புக் கரைத்தும் செய்யாதீர்கள், அது கிருமி நீக்காது.

சவர்க்காரத்தால் கை கழுவி நன்றாகத் துடைக்கட்டும். உள்ளங்கையில் லென்ஸை வைத்து, அதற்கான கரைசல் விட்டு, விரல் நுனியால் பக்கத்துக்கு 20 செக்கன் தேய்த்து, மறுபடி கரைசலால் அலச வேண்டும். டப்பாவில் பழைய கரைசலின் மேல் புதியதை ஊற்றக்கூடாது, கிருமிநாசினி நீர்த்துப்போகும். டப்பாவைக் கவிழ்த்து உலரவிட்டு, மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றுங்கள். காய்ந்து மொறுமொறுவென்று ஆன லென்ஸை ஊறவைத்துப் போடாமல் எறிந்துவிடுங்கள், நுண்ணிய வெடிப்பு இருக்கும். லென்ஸோடு தூங்கவும் குளிக்கவும் கூடாது.

கண் சிவந்து நொந்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், உடனே கழற்றி அன்றே கண் வைத்தியரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் கையோடு கொண்டுபோங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்தே பார்க்கலாம்.