மணியாச்சியும் வாஞ்சி மணியாச்சியும் – கடிதம்

வணக்கம். திருநெல்வேலிக்கு ரயிலில் போகும்போதெல்லாம் ‘வாஞ்சி மணியாச்சி’ என்ற பலகையைப் பார்க்கிறேன். ஆனால் அங்கே இருக்கும் என் சித்தப்பாவுக்குக் கடிதம் போட்டால் முகவரியில் வெறும் மணியாச்சிதான். ஒரே ஊருக்கு எதற்கு இரண்டு பெயர்? ஊருக்கே வாஞ்சியின் பெயரை வைத்துவிட்டால் என்ன?

ச., மதுரை

அன்புள்ள ச.,

வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஸ்டேஷனுக்கு வைத்தது ரொம்பச் சரி, ஊரை அப்படியே விட்டதும் சரி.

மணியாச்சி பழைய ஊர். பாளையக்காரர் காலத்திலேயே அந்தப் பெயரில் ஒரு பாளையம் இருந்தது. ரயில் வந்தது 1876இல். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன பாதையில் திருநெல்வேலிக் கிளை இங்கே பிரிந்ததால், ஒரு சின்ன ஊரின் பெயர் ஜங்ஷன் பெயரானது.

அப்புறம் அந்தப் பாதையில் போட் மெயில் ஓடியது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிற தபாலும் பயணிகளும் மணியாச்சியைத் தாண்டி, தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்தத் தூத்துக்குடி – கொழும்பு வழிக்காகத்தான். (அவர் பிறந்த ஒட்டப்பிடாரமும் இந்தப் பக்கம்தான்.) அந்தக் கம்பெனி நடந்த காலத்தில் தூத்துக்குடியில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்தவர் ஆஷ். அவர்மேல் சுதேசிகளின் கோபம் அங்கே மூண்டது.

1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டராகிவிட்ட ஆஷ், மனைவியோடு கொடைக்கானல் கிளம்பினார். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் வடக்கே போக, மணியாச்சியில் நின்று, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் வாஞ்சிநாதன் முதல் வகுப்புப் பெட்டிக்குள் புகுந்து ஆஷைச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார்.

வாஞ்சி பிறந்தது செங்கோட்டையில். வேலை பார்த்தது புனலூரில், வனத்துறையில். அவர் வாழ்க்கையில் மணியாச்சி வருவது இந்த ஸ்டேஷனால்தான். ஆஷ் இங்கே நின்று காத்திருக்க வேண்டியிருந்ததால்தான். ஆகவே விடுதலைக்குப் பிறகு அவர் பெயரைச் சேர்த்தபோது, அது சேர வேண்டிய இடத்திலேயே சேர்ந்தது. அப்போதும் மணியாச்சியை எடுத்துவிடவில்லை பாருங்கள், அதை நான் பெரிதாக மதிக்கிறேன். வீரர்களின் பெயரை வைக்கிறோம் என்று ஊர்ப்பெயரை அழிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒரு ஊரின் பெயரில் அங்கே வாழ்ந்த எல்லோருக்கும் பங்கு இருக்கிறது.

ரயில்வேயின் குறியீடு மட்டும் இன்றைக்கும் எம்.இ.ஜே.தான். அதில் பழைய மணியாச்சி ஜங்ஷன் அப்படியே இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது அதைப் போட்டாலே போதும்.

சித்தப்பாவுக்கு மணியாச்சி என்றே எழுதுங்கள். 1986க்கு முந்தைய முகவரி எதையாவது பார்த்து எழுதுவதாக இருந்தால், திருநெல்வேலி மாவட்டம் என்பதைத் தூத்துக்குடி மாவட்டம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.