மினி டிஸ்க், பஞ்சிகாவத்தை – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

போன மாதம் தமிழ்ச் சங்கத்தில் நடந்த கூட்டத்தில் உங்களுக்குப் பின்வரிசையில் இருந்தேன். பேச்சுத் தொடங்க முன் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டி அளவில் ஒன்றை எடுத்து, அதற்குள் ஒரு சின்னத் தட்டைப் போட்டு, மைக்கைச் செருகி மேசையில் வைத்தீர்கள். ஏதோ மருத்துவக் கருவி என்று நினைத்தேன். பக்கத்திலிருந்தவர்தான் அது மினி டிஸ்க் என்றார்.

குறை நினைக்காதீர்கள், நேராகவே கேட்கிறேன். என் போனில் 128 ஜிபி இருக்கிறது, நாள் முழுக்கப் பதியலாம். செத்துப்போன ஒரு சாமானைத் தேடி வாங்கிப் பதிவது பழசைக் கொண்டாடும் ஷோக்குத்தானே? ஷோக்கு என்றால்கூடப் பரவாயில்லை. வயதானவர்களின் அனுபவங்களை அதில் பதிவதாக ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு மெஷின் பழுதானால் அவற்றை யார் கேட்பது? இது பொறுப்பில்லாத வேலை இல்லையா?

இன்னொன்று. எங்கள் ரீகண்டிஷன் காரின் செற்றில் 'எம்டி' என்று எழுதிய ஒரு வாய் இருக்கிறது. மகன் சின்ன வயதில் திணித்த ஒரு விசிட்டிங் கார்ட்டைத் தவிர அதற்குள் இதுவரை ஒன்றும் போனதில்லை. அதுவும் இதுதானா? டிஸ்க் எங்கே கிடைக்கும்?

க., தெஹிவளை

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். அதற்கு மட்டும்தான் என்னிடம் சந்தேகமில்லாத பதில் இருக்கிறது. ஆம், அதுவும் இதுதான்.

சோனி 1992 நவம்பரில் ஜப்பானில் இதை விற்பனைக்கு விட்டது. கசற்றின் இடத்தைப் பிடிப்பதுதான் திட்டம். அதே வருடம் பிலிப்ஸ் டிஜிட்டல் கசற் ஒன்றை இறக்கியது. 1996இல் அது கடையைக் கட்டிவிட்டது. மினி டிஸ்க் பிழைத்துக்கொண்டது, ஆனால் வீட்டுச் சாமானாக வாழ்ந்தது ஜப்பானில்தான். அதனால் அங்கே கார் செற்களிலும் அதற்கு ஒரு வாய் வைத்தார்கள். அந்தக் கார்கள் கப்பலேறிக் கொழும்புக்கு வந்தபோது நமக்குக் கிடைத்தவை மூன்று: 90க்கு மேல் போகாத ரேடியோ (ஜப்பானில் எஃப்எம் அப்போது 76இலிருந்து 90 வரைதான், நம்முடைய நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு அங்கால்), காலி வீதியில் போகும்போதும் ஜப்பானில் நிற்பதாக நினைத்துக் கதைக்கும் நேவிகேஷன், அப்புறம் இந்த எம்டி வாய். பார்க்கிங் ரிக்கற் வைக்க வசதியானது என்று ஒரு நண்பர் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது எல்லோரும் அண்ட்ரொய்ட் பனல் பூட்டுகிறார்கள். கழற்றிய செற்களில் கொஞ்சம் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு வந்து சேரும். மாதத்தில் ஒருநாள் நானும் அங்கே போவேன். என்னைக் கண்டதும் கடைக்காரர் மூலையில் குவிந்து கிடப்பதில் ஒன்றை இழுத்து, கார் பற்றரி ஒன்றில் இரண்டு வயரைத் தொடுவார். விளக்கு எரிந்தால் நான் இஜெக்ட் பட்டனை அமத்துவேன். பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் நடக்காது. பத்தாவது தடவை உள்ளே ஏதோ முனகி, இருபது வருடமாகத் தொண்டையில் சிக்கியிருந்ததைத் துப்புவது போல ஒரு டிஸ்க்கை வெளியே தள்ளும். இதுவரை பதினொன்று அப்படிக் கிடைத்திருக்கின்றன. ஜப்பானிய எழுத்தில், பென்சிலால் எழுதிய லேபிள்கள். ஒன்றில் யாரோ ஒரு பிள்ளை பியானோ பழகுகிறது. ஒரே இடத்தில் பிழைவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி தொடக்கத்துக்குப் போகிறது. டிஸ்க் தட்டுப்பாடான இந்தக் காலத்திலும் அதன்மேல் பதிய எனக்குக் கை வரவில்லை.

தட்டுப்பாடு என்று சும்மா சொல்லவில்லை. வெற்று டிஸ்க் உற்பத்தியை சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. இனி இருப்பது கடைகளின் மிச்சமும் மற்றவர்கள் பாவித்ததும்தான். உங்கள் காருக்கு நான் இரண்டு தருகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கார்ட்டை முதலில் வெளியே எடுங்கள். கார் செற் பாடும், பதியாது. பழைய செற் என்றால் சாதாரண முறையில் பதிந்ததை மட்டும்தான் பாடும். 2000இல் வந்த எல்பி முறையில், அதாவது ஒரே டிஸ்க்கில் கூடுதல் நேரம் பிடிக்கும் முறையில், பதிந்ததைப் போட்டால் நேரம் ஓடும், சத்தம் வராது. செற் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் டிஸ்க்கை விட்டுவிட்டும் போகாதீர்கள்.

சரி, ஷோக்கா? பாதி ஷோக்குத்தான். என்னிடம் ஒன்பது மெஷின் இருக்கிறது, ஓடுவது நாலு. மற்ற ஐந்தும் கிடக்கும் லாச்சியை மனைவி 'ஆஸ்பத்திரி' என்பார். சூயிங்கம் துண்டு போன்ற ஒரு பற்றரி இதற்குப் போடுவது; அது கசிந்து மூன்று மெஷினைக் கொன்றது. சத்தம் திறம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிடியில் உள்ள தரவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இதில் இருக்கிறது, விநாடிக்கு 292 கிலோபிட். உங்கள் போனில் நல்ல மைக் ஒன்றைச் செருகினால் இதைவிடத் துப்புரவாகப் பதியும்.

ஆனால் நாள்பட உழைப்பது என்று பார்த்தால் கசற் இதற்குக் கிட்டவும் வராது. 90களில் யாழ்ப்பாணத்தில் பற்றரிக்குத் தடை இருந்த காலம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி நாங்கள் பாட்டுக் கேட்ட கசற்றுகளைப் பத்திரமாகக் கொழும்புக்குக் கொண்டுவந்தேன். வெள்ளவத்தைக் கடல்காற்றில் பத்து வருடத்துக்குள் நாடா முழுக்கப் பூஞ்சணம். சிங்கப்பூரிலிருந்து மச்சான் 2001இல் கொண்டுவந்த முதல் மெஷினில் பதிந்த டிஸ்க்குகள் அதே அலுமாரியில் இருந்து இன்றைக்கும் பாடுகின்றன. தட்டு பெட்டிக்குள் மூடியிருப்பது ஒரு காரணம். மற்றது, அது பதியும் விதம். ஒரு பக்கத்திலிருந்து லேசர் ஒரு புள்ளியை ஏறத்தாழ 180 பாகைக்குச் சூடாக்கும், மறுபக்கத்துக் காந்தம் அந்தப் புள்ளியின் திசையைத் திருப்பும், ஆறியதும் அது அப்படியே நின்றுவிடும். வெறும் காந்தத்தால் பிறகு அதை அசைக்க முடியாது.

இதில் எனக்கு உண்மையாகப் பிடித்தது வெட்டி ஒட்டும் வசதி. டிஸ்க்கின் உள் ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது: எந்தப் பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று. நீங்கள் ஒன்றை இரண்டாகப் பிரித்தாலும், இடம் மாற்றினாலும், அழித்தாலும் மெஷின் அந்தப் பட்டியலை மட்டும்தான் திருத்தும். பதிந்த சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். பதிந்து நிறுத்தியதும் திரையில் 'டிஓசி எடிட்' என்று சில விநாடி மினுங்கும். அப்போதுதான் பட்டியல் எழுதப்படுகிறது. அந்த நேரம் கறண்ட் போனால் கதை முடிந்தது.

எனக்கு முடிந்தது 2022 மார்ச் கடைசியில். நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கறண்ட் வெட்டிய நாட்கள் அவை. வடமராட்சியிலிருந்து வந்து மகளோடு தங்கியிருந்த ஒரு பெரியவர் காத்தவராயன் கூத்துப் பாட்டுகளை ஐம்பது நிமிடம் விடாமல் பாடினார். எண்பது தாண்டிய குரல், மூச்சு மட்டும் இளந்தாரி மூச்சு. மெஷினில் பற்றரி இல்லை, அடப்டரில் ஓடவிட்டிருந்தேன். அவர் முடித்தார், நான் நிறுத்தினேன், காற்றாடி நின்றது. அட்டவணையில் இல்லாத வெட்டு. கறண்ட் வந்த பிறகு போட்டுப் பார்த்தால் திரையில் 'பிளாங்க் டிஸ்க்'.

பாடச் சொல்லி மறுபடி கேட்க மனம் வரவில்லை. மருதானையில் ரேடியோ திருத்தும் ஒரு பாஸிடம் போனேன். சத்தம் தட்டில்தான் இருக்கிறது, பட்டியல்தான் இல்லை என்று விளக்கினேன். பட்டியல் இல்லாவிட்டால் இரவல் வாங்கு என்பதுதான் இதற்கு உலகெங்கும் மினி டிஸ்க்காரர்கள் செய்யும் வைத்தியம். அதே 80 நிமிட டிஸ்க் இன்னொன்றில், தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே பாட்டாக வெறுமனே பதிய வேண்டும். அதன் பட்டியலை மெஷின் படித்து மனதில் வைத்திருக்கும்போது, அது அறியாமல் டிஸ்க்கை மாற்றிவிட்டு, பட்டியலை எழுதச் செய்ய வேண்டும். பாஸ் என் பழைய டெக்கின் மூடியைக் கழற்றினார். டிஸ்க் உள்ளே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்வது ஒரு பட்டாணி அளவு சுவிச். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை முறித்து அந்தச் சுவிச்சை அமத்திப் பிடித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிஸ்க்கை மாற்றினேன். மூன்றாவது தடவைதான் சரிவந்தது. பெரியவரின் முதல் தரு, அந்தக் கூத்துப் பாட்டு, கடைக்குள் கேட்டபோது, தமிழ் தெரியாத அந்த மனிதர் கையிலிருந்த ஈர்க்கால் மேசையில் தாளம் போட்டார்.

அன்றிரவு முழுவதையும் கணினிக்கு மாற்றும்போது ஐம்பது நிமிடம் தாண்டியும் நிறுத்தாமல் விட்டுவிட்டேன். பெரியவரின் குரல் பாதிச் சொல்லில் அறுந்து (கடைசிச் சில விநாடி தட்டில் ஏறுமுன்பே கறண்ட் போயிருந்தது), "கொள்ளுப்பிட்டி, கோட்டுவ, கோட்டுவ" என்று ஒரு பஸ் கொண்டக்டர் கத்தினார். 2002இல் மைக் சோதிக்க 100ஆம் இலக்க பஸ்ஸில் நான் பதிந்து, அடுத்த நாளே அழித்தது. இருபது வருடமாக அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த பஸ், பிரேக் சத்தத்தோடு வந்து என் மேசையில் நின்றது.

சிரித்தேன். பிறகு நித்திரை வரவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் உங்கள் இரண்டாவது கேள்வி.

ஆவணம் என்று எடுத்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இதை நம்பி ஒன்றையும் விட்டுவைக்கக் கூடாது. 2001இல் இதற்கு யூஎஸ்பி வந்தது, ஆனால் அது ஒருவழிப் பாதை. கணினியிலிருந்து பாட்டு ஏற்றலாம், மைக்கில் நீங்களே பதிந்ததை அதே வழியால் இறக்க முடியாது. இந்தச் சாதாரண டிஸ்க்குகளில் பதிந்ததை இறக்க இடம் கொடுத்த மெஷின், எம்இசட்-ஆர்எச்1, 2006இல்தான் வந்தது. சட்டைப் பையில் வைக்கும் பதிவு மெஷின்களில் சோனியின் கடைசியும் அதுதான். அண்மைய வருடங்களில் ஆர்வலர்கள் சில பழைய யூஎஸ்பி மெஷின்களிலிருந்தும் எடுக்க வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே, 'எல்லோரும் கேட்கட்டும்' என்று சொன்னவர்களின் பதிவை நான் அன்றைக்கே கணினிக்கு மாற்றி மூன்று இடத்தில் வைக்கிறேன். கூத்துப் பெரியவர் அதில் ஒருவர். அவருக்குப் போனே போதும்.

எல்லோரும் அப்படிச் சொல்வதில்லை. போனை மேசையில் வைத்ததும் முதலில் வரும் கேள்வி, "இது வட்ஸ்அப்பில போகுமோ?" போகாது என்று நான் சொல்லலாம். என் போன் என்ன செய்கிறது என்று எனக்கே முழுக்கத் தெரியாது. மினி டிஸ்க்கை முடிந்ததும் வெளியே எடுத்துக் கையில் கொடுக்கலாம். கதைத்தது இதற்குள் மட்டும்தான் இருக்கிறது, நீங்களே வைத்திருங்கள் என்று சொல்லலாம். சோதனைச்சாவடிகளைக் கடந்து வாழ்ந்த சனத்துக்கு அது விளங்கும். யார் கேட்பது என்று நீங்கள் கேட்டீர்கள். யாரும் கேட்க முடியாது என்று தெரிந்ததால்தான் சிலர் வாயைத் திறந்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மா 2019இல் 83 ஜூலைக் கலவரத்தைப் பற்றிக் கதைத்தார். ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களின் பெயர்கள் சொன்னார். தங்கள் வீட்டைக் கைகாட்டியவரின் பெயரும் ஒரு இடத்தில் வந்துவிட்டது. முடிந்ததும் சொன்னார்: "தம்பி, அந்தப் பேரை மட்டும் எடுத்துவிடும். அந்தாளின்ர பிள்ளையள் இப்பவும் இஞ்சதான் இருக்கினம்." அவர் முன்னாலேயே முன்னும் பின்னும் வெட்டி, அந்தத் துண்டை அழித்து, போட்டும் காட்டினேன். டிஸ்க்கை வாங்கி அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். என்னிடம் பிரதி இல்லை.

பஸ் கொண்டக்டரின் குரலைக் கேட்டபோதுதான் நான் அழித்தது பெயரையல்ல, பட்டியலில் ஒரு வரியை என்று உறைத்தது. இருபது வருடம் இந்த மெஷினோடு புழங்கியவனுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோல் வரிசைக் காலம், பஸ்ஸில்தான் போனேன். விஷயத்தைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன், அவர் பேசாமல் எழும்பிப் போய் டிஸ்க்கை எடுத்துவந்தார். அதில் 14 நிமிடம் வெறுமையாக இருந்தது. அழித்த துண்டும் அதற்குள்தான். நிரம்பும்வரை பதிந்தால் அதன்மேலும் பதிந்துவிடும். பற்றரி போட்டு, மைக்கைச் செருகி, பட்டனை அமத்தினேன்.

"இப்ப என்ன பதியுது?"

"ஒண்டுமில்லை அம்மா. காத்தாடிச் சத்தம்."

இருவரும் பேசாமல் இருந்தோம். புனித லூசியாள் பேராலய மணி ஒருமுறை கேட்டது. மிச்ச நேரம் குறைவதை அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நிமிடம் இருக்கும்போது குசினிக்குள் போனார். கோப்பை, கரண்டி, தண்ணீர் கொதிப்பது எல்லாம் பதிந்திருக்கும். 'டிஸ்க் ஃபுல்' வந்தது, 'டிஓசி எடிட்' மினுங்கி ஓய்ந்தது. டிஸ்க்கை எடுத்து நீட்டினேன்.

"இனி இல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப தேத்தண்ணியைக் குடியும்" என்று டிஸ்க்கோடு உள்ளே போனார்.