நைஸ் என்றால் என்ன?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலக் கட்டுரையில் அவள் எழுதியிருந்த 'நைஸ்' அத்தனையையும் ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டார். அந்தச் சொல்லில் என்ன தப்பு? இன்னொன்று, பழைய ஆங்கில நூல் ஒன்றில் 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று வருகிறது. 'நல்ல வேறுபாடு' என்று எடுத்துக்கொண்டால் பொருள் ஒட்டவில்லையே?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

தப்பு ஒன்றுமில்லை, சோம்பல்தான். சாப்பாடு நைஸ், பாட்டி நைஸ், ஊட்டி நைஸ் என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. அடித்தது சரி. பேச்சில் தாராளமாகச் சொல்லட்டும். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினே இதைக் கிண்டலடித்திருக்கிறார். 'நார்த்தாங்கர் அபே' நாவலில் கேத்தரின் ஒரு புத்தகத்தை உலகிலேயே மிக 'நைஸ்' என்கிறாள். 'நேர்த்தியான' என்ற பழைய பொருளில் எடுத்துக்கொண்டு, "அது பைண்டிங்கைப் பொறுத்தது" என்கிறான் ஹென்றி!

உங்கள் இரண்டாவது கேள்விதான் சுவாரசியம். இதன் மூலமான லத்தீன் சொல்லுக்கு 'ஒன்றும் அறியாத' என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'மடத்தனமான'. அப்புறம் 'எதற்கும் முகம் சுளிக்கிற', 'நுணுக்கமான' என்றெல்லாம் மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிய' ஆனது. நீங்கள் படித்தது 'நுட்பமான வேறுபாடு'. தீர்ப்பில் 'நைஸ் கொஸ்டின்' என்று இருந்தால் வக்கீல் பூரித்துப்போக வேண்டாம். இரு பக்கமும் நியாயம் இருக்கிற, பிரித்துச் சொல்லக் கடினமான கேள்வி என்கிறார் நீதிபதி.

1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றதும், அந்தப் போரை 'டேம்ட் நைஸ் திங்' என்றார் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன். பல்லாயிரம் பேர் விழுந்துகிடந்த களத்தை ரசித்துச் சொன்னதல்ல அது. நூலிழையில் தப்பினோம் என்றார்.

'மாவை நைசாக அரை' என்று நம் வீடுகளில் சொல்வதும் அந்த 'நுண்ணிய' பொருளுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. 'நைசாக நழுவிவிட்டான்' மட்டும் நம் கைவரிசை. அதை எந்த ஆங்கிலேயனிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள். காபி 'நைஸ் அண்ட் ஹாட்' என்றால் நன்றாகவும் இருக்கிறது, சூடாகவும் இருக்கிறது என்று இரண்டாகப் பிரிக்கக் கூடாது. 'நல்ல சூடு' என்கிறோமே, அதேதான்.